ஃபுல் டவர் காட்டும், நெட் வராது: டாங்கிளை நிலையாக ஓட வைப்பது எப்படி?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. ஃபைபர் வர இன்னும் நாளாகும் என்கிறார்கள். ஹுவாவே இ3372 டாங்கிளை (சிம் போட்டு யுஎஸ்பி-யில் செருகும் 4ஜி மோடம்) லேப்டாப்பில் செருகி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். நாலு கோடு டவர் காட்டுகிறது. ராத்திரி 11 மணிக்கு மேல் 40 எம்பிபிஎஸ் வருகிறது, பகலில் 2, 3 தான். மீட்டிங் நடுவே படம் உறைந்துவிடுகிறது. சில சமயம் டாங்கிளே அணைந்து திரும்ப வருகிறது. புது டாங்கிள் வாங்குவதா, ஆன்டெனா வாங்குவதா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஒரே கோளாறு என்று நினைத்து நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மூன்று கோளாறாகத் தெரிகிறது. பகலில் வேகம் குறைவது ஒன்று. மீட்டிங் உறைவது இன்னொன்று. டாங்கிள் அணைந்து வருவது மூன்றாவது, அதற்கும் டவருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. தோட்ட வீடு, கோழிப்பண்ணை, தென்னை நார் மில் என்று இந்தப் பக்கம் பல வருடமாக டாங்கிள் மாட்டிக் கொடுக்கிறேன். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ஆன்டெனாவில் காசைப் போட்டவர்கள்தான் அதிகம்.

தொடங்கும் முன் ஒரு அற்ப விஷயம். உங்கள் ரீசார்ஜ் நாளுக்கு இத்தனை ஜிபி என்ற திட்டமா? அந்த அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும், அதாவது நொடிக்கு 8 கிலோபைட். உங்களுக்கு 2, 3 எம்பிபிஎஸ் வருகிறது என்பதால் இது காரணமாக இருக்காது. இருந்தாலும் பார்த்துவிடுங்கள். ஒரு மில்லில் இரண்டு நாள் டவர் தேடி மொட்டை மாடியில் அலைந்த பிறகுதான் தெரிந்தது, அக்கவுண்ட்ஸ் பார்க்கிற லேப்டாப் காலையிலேயே விண்டோஸ் அப்டேட்டை இறக்கி அன்றைய டேட்டாவை முடித்துவிட்டது என்று. விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்து வைத்தால் அப்டேட் இப்படி வாரிக்கொண்டு போகாது.

சரி, டவருக்கு வருவோம். அந்த நாலு கோட்டை மறந்துவிடுங்கள். டவர் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைத்தான் கோடு ஏறக்குறையச் சொல்லும். மற்ற டவர்களின் இரைச்சலைத் தாண்டி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லாது. நமக்கு வேண்டியது அந்தத் தெளிவு. பிரவுசரில் 192.168.8.1 என்று போட்டால் டாங்கிளின் பக்கம் திறக்கும். அதில் டிவைஸ் இன்ஃபர்மேஷன் பகுதியில் ஆர்எஸ்ஆர்பி, ஆர்எஸ்ஆர்க்யூ, எஸ்ஐஎன்ஆர் என்று எண்கள் இருக்கும். சில பதிப்புகளில் காட்டாது. அப்படியென்றால் ஹுவாவே மோடத்தின் சிக்னலைப் படிப்பதற்கென்றே இலவசச் செயலிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் சத்தம், எப்போதும் மைனஸில் வரும். மைனஸ் 80 என்றால் டவர் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி. மைனஸ் 100 வரை பரவாயில்லை. மைனஸ் 110-க்குக் கீழே போனால் டாங்கிள் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். எஸ்ஐஎன்ஆர்தான் நம் ஆள், மேலே சொன்ன தெளிவு இதுதான். 20-க்கு மேல் அருமை, 10-க்கு மேல் நன்று, 5-க்குக் கீழே தடுமாற்றம். பூஜ்யத்துக்குக் கீழே என்றால் சிக்னலைவிட இரைச்சல் பெரிது. ஆர்எஸ்ஆர்க்யூவைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது.

இந்த எண்களை ஒரே இடத்தில் வைத்து காலை 11 மணிக்கும் இரவு 11 மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நேரமும் எஸ்ஐஎன்ஆர் 15 போல இருந்து, பகலில் வேகம் மட்டும் விழுகிறதென்றால் டவரில் கூட்டம். ஒரே குழாயில் ஊரே தண்ணீர் பிடிக்கிறது. அதை எந்த ஆன்டெனாவும் சரி செய்யாது, பேண்டையோ (டவரும் டாங்கிளும் பேசும் அலைவரிசைத் தொகுதி) சிம்மையோ மாற்றுவதுதான் வழி. மாறாக, பகலில் எஸ்ஐஎன்ஆரே 15-லிருந்து 4-க்கு இறங்குகிறதென்றால் கதை வேறு. பக்கத்து டவர்கள் பகலில் மும்முரமாக வேலை செய்யும்போது அவற்றின் இரைச்சல் உங்கள் டாங்கிளுக்கும் வந்து சேர்கிறது. இதற்கு இடம் மாற்றுவதும், ஒரு திசையை மட்டும் பார்க்க வைப்பதும் நன்றாகவே பலிக்கும்.

அப்புறம், டாங்கிளை லேப்டாப்பிலிருந்து பிரியுங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு தோப்பு வீட்டில் டாங்கிள் இருந்த மேஜைக்குப் பின்னால் இரும்பு பீரோ, தலைக்கு மேல் தகரக் கூரை. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 109, எஸ்ஐஎன்ஆர் 2. மூன்று மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி வடக்கு ஜன்னல் கம்பியில் கட்டினேன். மைனஸ் 98, எஸ்ஐஎன்ஆர் 13. அதே ஜன்னலில் ஒரு முழம் இடப்பக்கம் தள்ளினால் 7 ஆகிவிட்டது. இந்த ஒரு முழத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே சுமார் 17 செ.மீ. சுவரிலும் கம்பியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடும், ஒரு சாண் தள்ளினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் அவசரப்படாமல் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் வைத்து, எண் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். 18-க்கும் 3-க்கும் நடுவே குதிக்கிற இடத்தைவிட 11-லேயே நிற்கிற இடம் மேல். வீடியோ மீட்டிங்குக்கு ஏற்றத்திலும் இறக்கத்திலும் 3 எம்பிபிஎஸ் விடாமல் வந்தாலே தாராளம்.

கேபிள் வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மலிவான எக்ஸ்டென்ஷனில் மின்சாரம் போகிற கம்பி 28 கேஜ், தலைமுடி போல. அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மூன்று மீட்டர் கேபிளில் போக வர ஆறு மீட்டர், ஆகவே ஏறத்தாழ 1.3 ஓம். டாங்கிள் அரை ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே தொலைந்து, டாங்கிளுக்கு 4.4 வோல்ட்கூடப் போய்ச் சேராது. உங்கள் டாங்கிள் அணைந்து வருவதும் இப்படி வோல்ட்டேஜ் குறைவதால்தான் என்று சந்தேகப்படுகிறேன். டவர் தூரமாக இருந்தால் டாங்கிள் அதிகச் சக்தியில் கத்த வேண்டும். மீட்டிங்கில் உங்கள் முகம் மேலே போகிற நேரத்தில்தான் அது அதிகமாகக் கத்தும். அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரிய, டாங்கிள் செத்துப் பிழைக்கும். கேபிளின் மேலுறையில் பொடி எழுத்தில் கேஜ் அச்சிட்டிருக்கும். மின்கம்பி 24 கேஜ் அல்லது அதைவிடத் தடிமனாக இருப்பதை வாங்குங்கள் (எண் குறைந்தால் தடிமன் கூடும்). அதே கணக்கில் இழப்பு கால் வோல்ட்தான் வரும். பழைய லேப்டாப் என்றால் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் நல்லது. அடாப்டர் இல்லாத ஹப்பால் நன்மையைவிடத் தொல்லை அதிகம்.

கேபிள் சரியாக இருந்தும் அணைகிறதென்றால் விண்டோஸைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். பவர் பிளானில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் நிறுத்துங்கள்.

நீல நிற யுஎஸ்பி 3 போர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் 5 ஜிகாபிட்டில் தரவு ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கசிகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. நம் ஊர் 4ஜி-யில் முக்கியமான பேண்டு 40 இருப்பது 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ், அதாவது பக்கத்து வீடு. டாங்கிளுக்கு அருகில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகி காப்பி செய்துகொண்டே எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள், சில லேப்டாப்களில் கண்ணெதிரே இறங்கும். டாங்கிள் யுஎஸ்பி 2 சாதனம்தான், சாதாரண யுஎஸ்பி 2 கேபிளில் தள்ளி வைத்தாலே இந்தத் தொல்லை போய்விடும்.

இனி பேண்டு. இ3372 என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் பின்னால் வரும் மூன்று இலக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 153 என்று முடிவது ஐரோப்பாவுக்குச் செய்தது: 800, 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ். 607-ல் நமக்கு வேண்டிய 2300 உண்டு. இரண்டிலுமே 850 கிடையாது. “போனில் நெட் வருகிறது, அதே சிம்மை டாங்கிளில் போட்டால் வரவில்லை” என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஜியோ 850, 1800, 2300 மூன்றிலும் 4ஜி தருகிறது. தோப்புக்குள் இலையையும் சுவரையும் ஊடுருவி வருவது 850. போன் அதைப் பிடித்துக்கொள்ளும், டாங்கிளுக்கு அந்தக் காதே இல்லை. பழைய 3ஜி டாங்கிள் யாராவது சும்மா கொடுத்தால் வாங்கி வைக்காதீர்கள். ஏர்டெல் 3ஜி-யை நிறுத்தி வருடங்களாகிறது, ஜியோவில் 3ஜி என்றுமே இருந்ததில்லை.

ராத்திரி 40 எம்பிபிஎஸ் வருகிறது என்கிறீர்கள், ஆகவே டாங்கிள் நல்ல பேண்டு ஒன்றைப் பிடிக்கத்தான் செய்கிறது. தொல்லை என்னவென்றால், பிடித்ததை விட்டுவிட்டு அங்கும் இங்கும் தாவும். தாவுகிற ஒவ்வொரு முறையும் மீட்டிங் ஒரு நொடி செத்துவிடும். ஒரே பேண்டில் பூட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. மேலே சொன்ன செயலிகள் சிலவற்றில் பேண்டு என்ற பெட்டி இருக்கும், அதில் ஒரு விசித்திரமான எண் கேட்கும். கணக்கு எளிது: பேண்டு எண்ணில் ஒன்றைக் கழித்து, அத்தனை 2-களைப் பெருக்கி, ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) எழுத வேண்டும். பேண்டு 3-க்கு (1800 மெகாஹெர்ட்ஸ்) 4. பேண்டு 8-க்கு (900 மெகாஹெர்ட்ஸ்) 80. பேண்டு 40-க்கு 8000000000, எட்டுக்குப் பின் ஒன்பது சுழி. இரண்டு பேண்டு வேண்டுமென்றால் கூட்டிக்கொள்ளுங்கள், 3-ம் 8-ம் சேர்ந்தால் 84.

பேண்டு 40 இறக்குவதற்கு நல்லது, ஏற்றுவதற்கு அவ்வளவு இல்லை. அதில் ஒரே அலைவரிசையை இறக்கமும் ஏற்றமும் நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன, பெரும் பங்கு இறக்கத்துக்குப் போய்விடும். பேண்டு 3-ல் இரண்டுக்கும் தனித்தனி அலைவரிசை. மீட்டிங்கில் உங்கள் குரல்தான் அடுத்தவருக்கு உடைகிறது, அவர் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால் பேண்டு 3-ல் பூட்டிப் பாருங்கள். வேகச் சோதனையில் 40 இருந்தது 12 ஆகலாம். கவலைப்படாதீர்கள், அந்த 12 கையில் நிற்கும்.

ஆனைமலை என்பதால் இன்னொன்று. கேரள எல்லை பக்கத்தில்தான், அந்தப் பக்கத்து டவரும் உங்களுக்குக் கேட்கலாம். ஒரே கம்பெனியாக இருந்தாலும் தமிழ்நாட்டு டெலிகாம் வட்டமும் கேரள வட்டமும் வேறு நெட்வொர்க் எண்கள், டாங்கிள் அதை ரோமிங் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அமைப்பில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் டவர் முழுசாகக் காட்டும், பைசா நெட் வராது. திறந்து வையுங்கள்.

மீட்டிங் உறைவதற்கு டவரைக் குறை சொல்லும் முன் வீட்டுக்குள் ஒரு சோதனை. கமாண்ட் பிராம்ப்ட்டில் 8.8.8.8-க்கு பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். 50, 60 மில்லி நொடி என்று வந்துகொண்டிருக்கும். அப்போது போனில் எடுத்த ஒரு பெரிய வீடியோவை அதே நெட்டில் ஏற்றிப் பாருங்கள். பிங் 800, 1500 என்று ஏறினால், பைபாஸில் லாரி வரிசை கட்டுவது போல ஏற்ற வழியில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த வீட்டுப் போன்கள் பின்னணியில் போட்டோ ஏற்றுவதுதான் வழக்கமான காரணம். வேலை நேரத்தில் அதை நிறுத்தினால் போதும். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) போட்ட ரவுட்டரில் டாங்கிளைச் செருகினால், ஏற்ற வேகத்தைக் கிடைப்பதில் எண்பது சதவீதத்துக்கு நீங்களே கட்டுப்படுத்தி வரிசை சேராமல் பார்த்துக்கொள்ளலாம். ஆபீஸ் விபிஎன் போட்டால் மட்டும் சில பக்கங்கள் பாதியில் நிற்கின்றன என்றால் அது வேறு கோளாறு, எம்டியு அளவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட்) 1500-லிருந்து 1360 பக்கம் இறக்குங்கள்.

ஜன்னலிலும் எண் திருப்தியாக வரவில்லையென்றால் டாங்கிளையே வெளியே கொண்டு போங்கள். ஆன்டெனாவை வெளியே வைத்து மெல்லிய ஆன்டெனா கேபிளை உள்ளே இழுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆர்ஜி174 போன்ற மெல்லிய கேபிளில் மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் தொலையும், ஐந்து மீட்டரில் பாதிக்கு மேல் சிக்னல் காலி. யுஎஸ்பி கேபிளில் போவது டிஜிட்டல், வழியில் சிக்னல் கரையாது. அதிகபட்சம் ஐந்து மீட்டர் என்பது மட்டும் வரம்பு. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றில் வைத்து, வெயில் நேரே படாமல் தாழ்வாரத்துக்குக் கீழே மாட்டுங்கள். டாங்கிள் தானே சூடாகிற சாமான், வெயிலும் சேர்ந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபிள் நுழைகிற ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், சிலிக்கான் வைத்து அடையுங்கள். மழைக்காக மட்டும் சொல்லவில்லை, எறும்புக்காகவும்தான். நான் திறந்த ஒரு பெட்டியில் டாங்கிளைச் சுற்றி முட்டையோடு ஒரு குடும்பமே குடியிருந்தது. இடி இடித்தால் லேப்டாப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.

திசை காட்ட வேண்டுமா? சிரிக்காதீர்கள், பழைய அலுமினியக் கடாய் ஒன்று எடுங்கள். அதன் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியம் எங்கே என்று தெரியும். 40 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் என்றால் நடு அடியிலிருந்து 10 செ.மீ. மேலே. டாங்கிளை அங்கே நிறுத்தி, கடாயின் வாயை டவர் பக்கம் திருப்புங்கள். 2300-ல் நன்றாகவே வித்தியாசம் தெரியும். 900-ல் பயன் இல்லை, அங்கே அலைநீளமே 33 செ.மீ. கடாய்க்கு முதுகுப்பக்கம் இருக்கிற டவரின் இரைச்சல் அடங்குவதுதான் இதில் பெரிய லாபம். அதற்குப் பிறகும் போதாது என்றால் மட்டும், இரண்டு கேபிள் உள்ள ஆன்டெனா வாங்கி டாங்கிளின் இரண்டு துளையிலும் செருகுங்கள், கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். சந்தையில் விற்கிற சிக்னல் பூஸ்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம், சுற்று வட்டாரத்துக்கே டவரைக் கெடுக்கும்.

உங்களுக்கு நான் சொல்கிற வரிசை: இந்த வாரக் கடைசியில் 24 கேஜ் கேபிள், ஜன்னல், விண்டோஸ் டிக். திங்கட்கிழமை பகலில் எண்களைக் குறித்து, பேண்டு 3-லும் 40-லும் அரை அரை நாள் வேலை பாருங்கள். எஸ்ஐஎன்ஆர் 12-க்கு மேல் நின்றும் இரண்டிலும் மத்தியானம் 3 எம்பிபிஎஸ் தாண்டவில்லையென்றால் அந்த டவரில் இடமில்லை, வேறு கம்பெனி சிம்தான். ஆனால் உடனே மூன்று மாத ரீசார்ஜ் போட்டுவிடாதீர்கள். டாங்கிளைக் கம்பெனியே விற்றிருந்தால் வேறு சிம் ஏற்காமல் பூட்டியிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். பூட்டு இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் அவர் சிம்மை ஒரு வேலை நாளுக்குக் கடன் வாங்கி, காலை 10-லிருந்து மாலை 5 வரை ஓட்டிப் பாருங்கள்.